வீவக வீட்டில் செடிக்கும் முயலுக்கும் வேண்டிய கைக்கருவிகள்: எதை முதலில் வாங்குவது, எந்த வரிசையில் வேலை செய்வது

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் புதிதாகச் செடி வைக்கிறவர்கள் முதலில் வாங்கி வருவது ஒரே பொருள்தான்: மூன்று குட்டிக் கருவிகளும் பூப்போட்ட கையுறையும் சேர்ந்த ஒரு செட். முயல் வாங்குகிறவர்கள் கூண்டும் அழகான தண்ணீர்ப் புட்டியும் வாங்குகிறார்கள். இரண்டாவது வாரம் கதவைத் தட்டுவார்கள். குளியலறையில் தண்ணீர் வடியவில்லை, தொட்டித் தட்டில் ஏதோ நெளிகிறது, கூண்டடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது போகமாட்டேன் என்கிறது.

இவை கருவி போதாமல் வரும் தொல்லைகள் அல்ல. ஈர மண்ணும் தேங்கிய தண்ணீரும் நனைந்த புல்லும் வீட்டைவிட்டு எந்த வழியாகப் போகும் என்று யோசிக்காமல் வாங்கியதால் வருபவை. அதனால் இந்த வழிகாட்டி கழிவிலிருந்து தொடங்குகிறது. செடி வெட்டும் கத்தரி ஆறாவது இடத்தில்தான் வரும்.

என் நிலவரம் இது: நாலறை வீடு, தாழ்வாரத்தில் பதினோரு தொட்டி, வரவேற்பறை மூலையில் ஒரு முயல், சமையலறைப் பக்கம் மகனுடைய ஆமை. தரைவீட்டில் இருப்பவர்களுக்கு இடம் கூடுதலாக இருக்கும். வரிசை மாறாது.

1. பணப்பையைத் திறக்கும் முன் அளவுநாடாவை எடுங்கள்

தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும். தீ விபத்தில் ஆட்கள் வெளியேறவும், ஸ்ட்ரெச்சர் தூக்கி வரவும் அந்த இடம் தேவை. எல்லாரும் அளப்பது தொட்டியின் அகலத்தை மட்டும். வளர்ந்த கறிவேப்பிலைக் கிளை தொட்டியைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் செருப்பு அலமாரியும் அதே இடத்தைத்தான் தின்கிறது. செடி முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பரவும் என்று பார்த்து அளந்து, மிச்சம் 1.2 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள்.

கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி கூடாது. கம்பி கட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். ஈரக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கீழே குழந்தைகள் நடப்பார்கள்.

அடுத்து வெயில். இரண்டு நாள், ஒரு மணிநேரத்துக்கு ஒரு முறை எந்த இடத்தில் நேர் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மணிநேரத்துக்குக் கீழே என்றால் மிளகாயை மறந்துவிட்டு பாண்டான், வெற்றிலை, கற்பூரவல்லி என்று போகலாம். எந்தச் செடி என்று முடிவான பிறகே தொட்டி அளவு தெரியும். தொட்டி தெரிந்த பிறகே கருவி.

விலங்கு விஷயத்தில் அளவுக்கு முன்னால் சட்டம். முயல், ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, சிவப்புக் காது ஆமை ஆகியவற்றை இங்கே வளர்க்கலாம். முள்ளெலி, சுகர் கிளைடர் போன்றவற்றுக்கு அனுமதி இல்லை. வீவக வீட்டில் கோழி வளர்க்க முடியாது. முயலுக்கு இடம் அளக்கும்போது, அது நீட்டிப் படுக்கவும் பின்காலில் எழுந்து நிற்கவும் மூன்று நான்கு தாவல் தாவவும் முடிகிறதா என்று பாருங்கள். கடைக் கூண்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது. அதனால்தான் நான் கூண்டு வாங்கச் சொல்வதில்லை, மடக்கு வேலிப் பலகைகள் வாங்கச் சொல்கிறேன்.

2. முதல் செலவு: அழுக்கு போகும் வழி

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

வாங்க வேண்டியவை நான்கு. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு ஒரு நுண்வலை. சிமெண்டு குழைக்கும் அகலமான கறுப்புத் தொட்டி ஒன்று; ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு தார்ப்பாய். மூடியுள்ள வாளி ஒன்று. இவற்றோடு பழைய செய்தித்தாள். எங்கள் வீட்டில் தமிழ் முரசுக்கு இரண்டாவது பிறவி முயல் தட்டில்தான்.

வலை எதற்கு? மண் கனமானது, ஓட்டையின் வளைவில் போய்ப் படியும். தேங்காய் நார்த்தூள் மிதக்கும், ஊறும், அந்தப் படிவின் மேல் உட்காரும். முயலின் உலர்புல் இழை இழையாகப் போய் இரண்டையும் சேர்த்துப் பின்னிவிடும். மூன்றும் சேர்ந்தால் குழாய்க்காரரை அழைப்பதைத் தவிர வழியில்லை. நான் அழைத்திருக்கிறேன். அவர் வெளியே இழுத்துப் போட்டது கிட்டத்தட்ட ஒரு குருவிக்கூடு.

மண்பட்ட தொட்டி, தட்டு, கருவி எதையும் ஓடும் குழாயில் கழுவாதீர்கள். வாளியில் தண்ணீர் பிடித்து அதற்குள் கழுவுங்கள். அரை மணிநேரம் அப்படியே விட்டால் மண் அடியில் தங்கும். மேல் தண்ணீரை வலை வழியாக ஊற்றிவிட்டு, அடிச் சேற்றைத் திரும்பச் செடித்தொட்டியில் போடலாம். மண் காசு கொடுத்து வாங்கியதுதானே.

தார்ப்பாய் வேலை நடக்கும் இடத்தில் விரிப்பதற்கு. செய்தித்தாள் ஈரத்தில் கிழியும், தார்ப்பாயை நான்கு மூலை சேர்த்துத் தூக்கலாம். தாழ்வாரத்தில் மண் சிந்தினால் அதே நிமிடம் பெருக்குங்கள். மழைச் சாரல் பட்டால் அது அடுத்த வீட்டு வாசல் வரை கறையாகும்.

குப்பைக் குழாயில் போடும்போது பையை இறுகக் கட்டி, ஒரு பைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போகாமல் பாருங்கள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழும் ஐந்து கிலோ ஈர மண் பையோடு போய்ச் சேராது, பையைக் கிழித்துக்கொண்டு சேரும்.

3. இரண்டு நிறம்

செடிக்குப் பச்சை, விலங்குக்கு நீலம். வாளி, தூரிகை, குப்பை முறம், கையுறை, துடைக்கும் துணி எல்லாம் இரண்டிரண்டு. இன்ன நிறம் என்று விதி எதுவும் இல்லை. ஒருமுறை முடிவு செய்தால் மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

காரணம் இரு பக்கமும் இருக்கிறது. பூச்சிமருந்து பட்ட தூரிகை முயல் தட்டுக்குப் போகக்கூடாது. ஆமை சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். நோயாளி மாதிரித் தெரியாமலே சுமக்கும். ஆமைத் தொட்டியைத் தேய்த்த தூரிகை கொத்தமல்லித் தொட்டிக்கும் சமையலறைத் தொட்டிக்கும் போகக்கூடாது. ஆமைத் தண்ணீரைக் குளியலறையில் கொட்டுங்கள், பாத்திரம் கழுவும் இடத்தில் வேண்டாம். வீட்டில் வேலைக்கு உதவும் பணிப்பெண் இருந்தால் நிறக் கணக்கை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

4. தண்ணீர்க் கருவிகள்

நீளக் கழுத்துள்ள ஒன்றரை லிட்டர் பூவாளி போதும். ஐந்து லிட்டர் வாங்கினால் நிறைத்துத் தூக்க மணிக்கட்டு வலிக்கும். அப்புறம் சோம்பல் வந்து இரண்டு நாளுக்கு ஒரு முறை எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஊற்றுவீர்கள். பூமுகம் (சிறு துளைகள் உள்ள முனை) கழற்றி மாட்டக் கூடியதா என்று பாருங்கள். விதைக்கும் நாற்றுக்கும் பூமுகம் வேண்டும். வளர்ந்த செடிக்கு அதைக் கழற்றிவிட்டு இலை நனையாமல் வேரடியில் விடலாம். நம் ஊர்க் காற்றில் மாலையில் நனைந்த இலை காலை வரை காயாது, அதில் பூஞ்சை ஏறும்.

ஈரம் பார்க்கும் மீட்டர் வேண்டாம். சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) ஒன்றை மண்ணில் ஒரு விரல் ஆழம் குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் இன்றைக்குத் தண்ணீர் இல்லை. இங்கே செடிகள் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம், அதுவும் ஆண்டுக் கடைசிப் பருவமழையில்.

இப்போது தட்டு. தட்டில்லாமல் வைத்தால் தண்ணீர் கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டும். தட்டு வைத்தால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதனால் தட்டோடு சேர்த்து ஒரு உறிஞ்சியும் வாங்குங்கள். மீன்கடையில் விற்கும் ரப்பர்க் குமிழுள்ள நீளக் குழாய் நன்றாக உதவும். கனத்த தொட்டியைத் தூக்காமலே தட்டுத் தண்ணீரை எடுத்துவிடலாம். தொட்டி கனமாக இருப்பதால்தான் யாரும் தட்டைக் காலி செய்வதில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். “ஞாயிறு ஞாயிறு சுத்தம் செய்கிறேன்” என்பது சரியாக ஒரு தலைமுறைக் கொசுவை வளர்க்கும் கால அட்டவணை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுங்கள்.

எடுத்ததும் தட்டின் ஓரத்தைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். கொசு தண்ணீருக்குள் முட்டையிடாது, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே ஒட்டவைக்கும். தட்டு காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி நனையும்போது பொரிக்கும். மேல்மாடி அக்கா தினமும் தண்ணீரைக் கொட்டியும் புழு வந்ததற்குக் காரணம் இதுதான். “தம்பி, தினமும் கொட்டுறேன்பா, அப்புறமும் எங்கேயிருந்து வருது?” என்று கேட்டார். தட்டு ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இருந்தது.

இன்னொரு இடம் பலருக்கும் தெரியாது: இறுகிப்போன மண். மேல்மண் தகடாக இறுகினால் தண்ணீர் மேலேயே தேங்கும், அதிலும் முட்டையிடும். வாரம் ஒரு முறை கைக்கொத்தால் மேல் இரண்டு செ.மீ. மண்ணைக் கிளறிவிடுங்கள். பூவாளியையும் வாளியையும் எப்போதும் கவிழ்த்து வையுங்கள்.

ஆமைக்கு அல்லது மீனுக்குக் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று சொல்வார்கள். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் சேர்க்கிறார்கள், அது ராத்திரி வைத்தால் போகாது. மீன்கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தை அளவாகச் சேர்க்க வேண்டும். செடிக்கு இது ஒன்றும் தேவையில்லை.

5. மண்ணில் கைவைக்கும் முன்

கையுறையும் முகக்கவசமும் முதலில், மண்வாரி அப்புறம். பைமண்ணிலிருந்து பறக்கும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா கிருமி இருக்கக்கூடும். பையைக் கத்தரியால் ஓரமாக வெட்டி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். அப்புறம் கறுப்புத் தொட்டியில் கொட்டுங்கள்.

இந்தப் பகுதியின் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமியும் உண்டு. கையில் உள்ள சிறு வெட்டு வழியாகவும் உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் வீடுகளில் செடி வளர்ப்பதில் ஆர்வமுள்ள அத்தை மாமாக்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. “மண் கைக்கு நல்லதுடா” என்று அவர்கள் கையுறையைத் தள்ளிவிடுவார்கள். விடாதீர்கள். பூப்போட்ட துணிக் கையுறை ஈரத்தை உள்ளே விடும். உள்ளங்கையில் ரப்பர் பூசியதை, கைக்குப் பொருந்தும் அளவில் வாங்குங்கள்.

மண்வாரி ஒரே உலோகத்தில் கைப்பிடிவரை வார்த்ததாக இருக்கட்டும். மரப்பிடியில் செருகியது ஈர நார்த்தூளைக் கிளறும்போது கழுத்தில் ஒடியும்; நான் மூன்று ஒடித்திருக்கிறேன். செட்டில் வரும் குட்டி முள்வாரி தாழ்வாரத் தோட்டத்துக்குத் தேவையே இல்லை. பழைய முள்கரண்டி போதும்.

கலக்கும் வரிசை இப்படி. நார்த்தூள் கட்டியை வாளியில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். 650 கிராம் கட்டி ஊறினால் சுமார் 8 லிட்டர் ஆகும், அதனால் வாளி பெரிதாக இருக்கட்டும். ஊறியதைப் பிழிந்து, இரண்டு பங்கு பைமண், ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இலேசாக்கும் வெள்ளைக் குறுணை) என்று தொட்டியில் கலக்கலாம். பெர்லைட்டையும் நனைத்துவிட்டே கொட்டுங்கள், அதன் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. பாதிக்குப் பாதி நார்த்தூள் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் காய்ந்த ஊர்களுக்குச் சரி. இங்கே அந்தக் கலவை மழை மாதங்களில் காயவே காயாது.

தொட்டியின் அடி ஓட்டைமேல் ஒரு துண்டு வலை வையுங்கள். கல் அடுக்க வேண்டாம். கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது எல்லார் வாயிலும் இருக்கும் தவறு. நுண்ணிய மண்ணுக்கும் பெரிய கல்லுக்கும் இடைப்பட்ட எல்லையில் தண்ணீர் நின்றுவிடும், ஈர மட்டம் வேருக்குப் பக்கத்தில் ஏறும். கனமும் கூடும்.

6. கத்தரி

ஒன்றே ஒன்று போதும், ஆனால் சரியான வகை. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து வெட்டும் கத்தரி பச்சைத் தண்டுக்கு. ஒரு அலகு தட்டையான மேடைமேல் விழுந்து நசுக்கும் வகை காய்ந்த கட்டைக்கு. தோற்றம் ஒரே மாதிரி இருக்கும், கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். கறிவேப்பிலையை இரண்டாவது வகையால் வெட்டினால் தண்டு நசுங்கி, நுனி கறுத்து, அடுத்த துளிர் தாமதமாகும்.

வெட்டும்போது கூரான மெல்லிய அலகு செடியில் மிஞ்சும் பக்கம் இருக்கட்டும். தடித்த அலகு பட்டு நசுங்குவது வெட்டி எடுக்கும் துண்டாக இருந்தால் போகிறது. கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கறிவேப்பிலையில் இலை இலையாக உருவாமல் நுனிக் கொத்தோடு வெட்டினால் பக்கத்தில் இரண்டு துளிர் வரும்.

ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் 70 விழுக்காடு ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அலகைத் துடையுங்கள். தொற்று கத்தரி வழியாகவும் நடந்துபோகும். முடிந்ததும் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய். சமையலறைக் கத்தரியை எடுக்க வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.

7. தெளிப்பான்

ஒரு லிட்டர் அழுத்தத் தெளிப்பான்கள் இரண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் வேப்பெண்ணெய். மேலே அழியாத மையால் தமிழில் பெரிதாக எழுதுங்கள். காலி சோப்புப் புட்டியில் மருந்து கலந்து வைக்கும் பழக்கம் குழந்தை உள்ள வீட்டில் மிக ஆபத்து.

மாவுப்பூச்சி கண்டதும் உடனே மருந்துக்குப் போகாதீர்கள். முதலில் தண்ணீர்ப் பீச்சல், அடுத்து ஆல்கஹால் தொட்ட மென்மையான பல்துலக்கி. பாதி நேரம் இதோடு முடியும். மிச்சமிருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பை முதலில் கரைத்து, அப்புறம் 5 மி.லி. வேப்பெண்ணெய் சேர்த்துக் குலுக்குங்கள். வரிசை மாறினால் எண்ணெய் மேலே மிதக்கும். முதல் பத்துப் பீச்சு வெறும் தண்ணீர், கடைசிப் பீச்சு முழு எண்ணெய், இலை பொசுங்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள். அதற்கு முன் அடுத்த வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) துணி காயப்போட்டிருக்கிறாரா, அவர் பூனை சுற்றுகிறதா என்று எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டில் பறவை இருந்தால் உள்அறைக்கு மாற்றிக் கதவை மூடுங்கள். அதன் நுரையீரல் நெடியைத் தாங்காது. முயலுக்குக் கொடுக்கும் கீரைத் தொட்டியில் எதையும் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெய் உட்பட. அந்தத் தொட்டியைத் தனியாகத் தள்ளி வைத்தால் காற்றில் வரும் சாரலும் படாது.

8. விலங்கின் இடம்

முயலுக்கு வேண்டியவை: மடக்கு வேலி, வழுக்காத விரிப்பு, பெரிய கழிவுத் தட்டு, காகிதக் குறுணை, புல் தொட்டி, கனமான பீங்கான் கிண்ணம். கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். பூனைக்கான கட்டிப்படும் மணல் வேண்டாம், முயல் தின்றால் வயிற்றில் கட்டியாகும். வாசனை மரத்தூளும் வேண்டாம். இந்தக் கடைசி இரண்டும் ஹாம்ஸ்டருக்கும் பொருந்தும். அதற்கு ஓடுசக்கரம் கம்பி இடைவெளி இல்லாத முழுத் தட்டாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கால் மாட்டும்.

கழிவுத் தட்டுக்குப் பக்கத்திலேயே, வாய்க்கு எட்டும் உயரத்தில் புல் தொட்டியை மாட்டுங்கள். முயல் தின்றுகொண்டே கழிக்கும். இந்த ஒரு ஏற்பாடு உங்கள் பெருக்கும் வேலையில் பாதியைக் குறைக்கும். புல் தொட்டியை எதிர் மூலையில் வைத்துவிட்டு “என் முயல் பழகமாட்டேன் என்கிறது” என்று சொல்பவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

தட்டில் செய்தித்தாள், மேலே காகிதக் குறுணை இரண்டு செ.மீ., அதன்மேல் ஒரு பிடிப் புல். பெரிய கைப்பிடிச் சல்லடை ஒன்று இருந்தால் புழுக்கைகளை மட்டும் தினமும் அரித்து எடுக்கலாம். முழுத் தட்டை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

திமோத்தி உலர்புல்லை மொத்தமாக வாங்கினால் விலை குறையும், இருந்தாலும் எங்கே வைப்பீர்கள்? நம் ஈரக் காற்றில் புல்லுக்குப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து அடைபடும். வீட்டுக் காப்பறையில் (அவசரகாலத்தில் ஒதுங்கக் கட்டிய அறையில்) வைக்கிறவர்கள் நிறைய. தடித்த கதவை மூடினால் காற்றோட்டமே குறைந்துவிடும் அறை அது. நான் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, அட்டைப்பெட்டியில் தரையைத் தொடாமல் ஒரு முக்காலிமேல் வைக்கிறேன். புளித்த வாடை அடித்தாலோ தூசி பறந்தாலோ எறிந்துவிடுங்கள்.

வெப்பமானி ஒன்று முயலின் உயரத்தில் மாட்டுங்கள். 28 டிகிரியைத் தாண்டினால் அதற்குச் சிரமம் தொடங்கும், நம் மதியங்கள் 31, 32 சாதாரணம். மின்விசிறி, படுக்க ஒரு பீங்கான் ஓடு, துண்டில் சுற்றிய உறைந்த தண்ணீர்ப் புட்டி. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, அதனால் விசிறி மட்டும் போதாது. குளிப்பாட்டவே கூடாது, பயத்திலேயே உயிர் போகலாம்.

தொங்கும் தண்ணீர்ப் புட்டியின் குழாய் நுனியில் உள்ள சிறு குண்டு சிக்கிக்கொண்டால் புட்டி நிறைந்தே தெரியும், முயல் தாகத்தில் இருக்கும். பீங்கான் கிண்ணத்தில் அந்தச் சந்தேகம் இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த வெள்ளைப் படிவு முயல் சிறுநீரின் சுண்ணாம்பு. தேய்த்தால் போகாது. சமையல் வினிகரும் தண்ணீரும் சம அளவு தெளித்து இருபது நிமிடம் விட்டால் இளகிவரும், அப்புறம் நீலத் தூரிகை. வினிகர் இருக்கும் இடத்தில் குளோரின் ப்ளீச் ஊற்றாதீர்கள், நச்சுப்புகை வரும்.

ஆமைக்கு: கையால் அழுத்தும் உறிஞ்சுகுழாய். வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள், சால்மொனெல்லா பற்றி மேலே சொன்னேன். புறஊதா விளக்கும் தேவை. சன்னலோர வெயில் போதுமே என்பார்கள். அதற்கு வேண்டிய கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது.

9. எந்த வேலை முதலில்

காலையில் நான் போகும் வரிசை இது.

முதலில் பறிப்பது. கறிவேப்பிலை, கீரை, மிளகாய் எதுவானாலும், கை வேறெதையும் தொடும் முன் பறித்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

அடுத்து முயல். புல், தண்ணீர், புழுக்கை. அது நேற்று வைத்த புல்லைத் தின்றதா, புழுக்கை வழக்கமான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேர்ந்தது. அரை நாள் தின்னாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது.

ஆமை மூன்றாவது. பிறகு கை சோப்பு போட்டுக் கழுவல்.

செடிக்குத் தண்ணீர் கடைசியில், தட்டு உறிஞ்சுவதோடு. தெளிப்பு வேலை மாலையில், விலங்குகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே; மருந்துக் கையோடு புல் எடுக்கும் வாய்ப்பே இருக்காது.

புழுக்கையைச் செடிக்குப் போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். போடலாம். கோழி எரு மாதிரி மக்கவைக்கத் தேவையில்லை, சூடு கிளப்பாது. மேலே தூவாமல் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் புதையுங்கள், இல்லாவிட்டால் ஈ மொய்க்கும். பச்சையாகத் தின்னும் கீரைத் தொட்டியில் வேண்டாம். கறிவேப்பிலை, மல்லிகைக்குப் போடுங்கள். சிறுநீர் ஊறிய காகிதக் குறுணை குப்பைக்குத்தான்.

10. நகம் வெட்டும் நாள்

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை. வேண்டியவை: சிறு விலங்குக்கான நகவெட்டி, பெரிய துண்டு, கைவிளக்கு, சோளமாவு, இன்னொரு ஆள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அதன் பிறகே முயலைத் தூக்குங்கள். பிடித்துக்கொண்டே “சோளமாவு எங்கே?” என்று கத்துவதுதான் வழக்கமான காட்சி.

துண்டில் சுற்றி, பின்கால்களையும் முதுகையும் தாங்கி மடியில் வையுங்கள். பின்கால் தொங்கினால் அது உதைக்கும், உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். மல்லாக்கப் போட்டால் அமைதியாகிறது என்று சிலர் செய்து காட்டுவார்கள். அது அமைதி இல்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது.

கைவிளக்கை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் இளஞ்சிவப்பாக ரத்தநாளம் தெரியும். அதற்கு இரண்டு மி.மீ. முன்னால் வெட்டுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடிக்க நின்றுவிடும். ஒரே நாளில் நான்கு காலும் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கு முன்கால், நாளைக்குப் பின்கால்.

11. ஊருக்குப் போகும் முன்

தீபாவளிக்கோ திருமணத்துக்கோ இரண்டு வாரம் போகிறீர்கள் என்றால், தானியங்கித் தண்ணீர்க் கருவிகளை நம்பாதீர்கள். திரிபோட்டு வாளியிலிருந்து உறிஞ்சவிடும் ஏற்பாட்டில் திறந்த வாளித் தண்ணீர் கொசுவுக்கு விருந்து. முயலை இரண்டு வாரம் தனியாக விடவும் முடியாது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அல்லது தங்கவைக்கும் இடம்.

ஆள் கிடைத்துவிட்டால் இரண்டு பை தயார் செய்யுங்கள். பச்சைப் பையில் பூவாளி, உறிஞ்சி, சாத்தே குச்சி. நீலப் பையில் சல்லடை, குறுணை, நாள்வாரியாகப் பிரித்துக் கட்டிய தீவனம், மருத்துவரின் தொலைபேசி எண். வேப்பெண்ணெயும் கத்தரியும் இரண்டிலும் வேண்டாம். நீங்கள் இல்லாதபோது அந்த வேலை யாருக்கும் தேவையில்லை. தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளின் தட்டுகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து, தொட்டிகளை ஒரே தார்ப்பாய்மேல் நெருக்கி வையுங்கள். ஆள் அடிக்கடி போகாத குளியலறையின் தரை ஓட்டையை மூடிவிடுங்கள்.

சாவியைக் கிளம்பும் அன்று காலையில் கொடுக்காமல் முந்தின நாளே கொடுத்து, ஒரு முழுச் சுற்று அவர் கையாலேயே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். போன வருடம் எதிர்வீட்டு அங்கிளிடம் அப்படி நின்றபோதுதான், முயலின் புல்லைப் பச்சைப் பையில் வைத்திருந்தது நான்தான் என்று தெரிந்தது.